இல்லத்துக் குழந்தையும் கழுத்துச் சுரப்பியும்



தல வரலாறும் விழா வருணனையும் வரவு செலவுக் கணக்கும் இடம்பெறும் ஆண்டு மலரில் மருத்துவப் பாடம் ஒன்று எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் அன்பர்கள் பிறந்தநாள், திருமண நாள், பெற்றோர் திதி என்று ஒவ்வொரு மாதமும் குழந்தைகள் இல்லங்களுக்கு அரிசி மூட்டையும் பால் மாவும் புத்தாடையும் அனுப்பி வருகிறார்கள். கொடுக்கும் கை தாராளமானது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த இல்லங்களில் வளரும் மிகச் சிறிய பிள்ளைகளின் உடம்பில், சோற்றினால் மட்டும் சரியாகிவிடாத ஒரு காரியம் நடைபெறுகிறது. அதுதான் தைராய்டு என்னும் சுரப்பியின் வேலை. அதன் அளவு குறைந்து போனால் பிள்ளை அழாது, அடம் பிடிக்காது, யாருக்கும் தொந்தரவு கொடுக்காது. "தங்கமான பிள்ளை" என்று பெயர் வாங்கும். ஆபத்து இருப்பதே அங்குதான்.

நான் மருத்துவன் அல்லன். பேராக்கின் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் ஈப்போவை அடுத்த ஓர் இல்லத்துக்குச் சென்று பதிவேடுகளை எழுதிக் கொடுத்து வருகிறேன். அங்கே தாதியரிடமும் மருத்துவரிடமும் கேட்டறிந்ததையும், பிறகு படித்தறிந்ததையும் பாடம் நடத்துவது போல் இங்கே எழுதுகிறேன்.

சுரப்பி செய்யும் வேலை

தைராய்டு முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்து உட்கார்ந்தாற்போல் அமைந்திருக்கும் சிறு சுரப்பி. உணவில் வரும் அயோடின் என்னும் தாதுவை இரத்தத்திலிருந்து பிடித்து, தைராக்சின் என்ற இயக்குநீரை அது செய்கிறது. இதற்கு டி-4 என்று சுருக்கப் பெயர். உடம்பின் பல உறுப்புகள் இந்த டி-4ஐ டி-3 ஆக மாற்றிக்கொள்கின்றன. உண்மையில் வேலை செய்வது பெரும்பாலும் டி-3தான். இதயத் துடிப்பு, உடல் சூடு, குடல் அசைவு, எலும்பு வளர்ச்சி எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மேலே ஒரு கண்காணிப்பும் உண்டு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் ஒன்றை அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பால் மரம் வெட்டுபவர் கொண்டுவரும் பால் குறைந்தால் மண்டோரின் சத்தம் கூடும் அல்லவா? டி.எஸ்.எச். அந்த மண்டோரின் சத்தம். பால் குறைவு, சத்தம் அதிகம் என்றால் கோளாறு தைராய்டில் இருக்கிறது என்று மருத்துவர் ஊகித்துக்கொள்கிறார். ஓர் இரத்தச் சோதனையில் இவ்விரண்டையும் பார்த்துவிடுகிறார்கள்.

பெரியவர்களுக்குத் தைராய்டு குறைந்தால் சோர்வு வரும், உடல் பருக்கும், குளிர் தாங்காது. மாத்திரை எடுத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். நம் ஆலயத்துக்கு வரும் தாய்மார்களில் பலர் காலையில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையை விழுங்குகிறவர்கள்தாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கதை வேறு. அந்த வயதில் மூளை கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. நரம்புகளை ஒன்றோடொன்று இணைப்பதிலும் அவற்றின் மீது உறை போடுவதிலும் தைராக்சினுக்குப் பங்குண்டு. கட்டடம் எழும்பும் காலத்தில் சிமெண்டு வராமல் போனால், பிற்பாடு எத்தனை லாரி வந்தாலும் அந்தச் சுவர் அப்படியேதான் நிற்கும்.

குறைவில் மூன்று விதம்

குழந்தையின் தைராய்டு அளவு குறைவு என்று சோதனைத் தாளில் வந்தால், அது ஒரே நோய் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வெவ்வேறு.

முதலாவது, பிறவிக் குறை. சுரப்பியே அமையாமல் போனது, இடம் மாறி அமைந்தது, அல்லது அமைந்தும் வேலை செய்யாதது. உலகெங்கும் 2,000 முதல் 4,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இது காணப்படுகிறது. பிறந்தவுடன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. அதனால்தான் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1970களில், பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இரத்தச் சோதனை செய்யும் வழக்கம் தொடங்கியது. நம் நாட்டில் சுகாதார அமைச்சு 1998ஆம் ஆண்டில் இதைத் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கியது. இங்கு தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். குழந்தையைக் குத்த வேண்டியதே இல்லை. குறை தெரிந்தால் முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்குப் போகும், பரீட்சை எழுதும். தவறவிட்டால் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை உண்டு.

இரண்டாவது, அயோடின் பற்றாக்குறை. சுரப்பி நன்றாக இருக்கிறது, மூலப்பொருள் இல்லை. ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 90 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கர்ப்பிணித் தாய்க்கு 250. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அதுகூட இல்லாத மலைநாடுகளில் தலைமுறை தலைமுறையாக மக்கள் கழுத்தில் கழலையோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் இமயமலை அடிவாரமான காங்ரா பள்ளத்தாக்கில் 1956ஆம் ஆண்டு தொடங்கி டாக்டர் வி. இராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் உப்பில் அயோடின் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள், கழலை குறைந்தது. அதன் பயனாக 1962இல் இந்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தையே தொடங்கியது. நம் நாட்டிலும் சரவாக் உட்பகுதி மக்களிடையிலும், தீபகற்பத்தின் மலைப்பகுதி ஓராங் அஸ்லி மக்களிடையிலும் கழலை காணப்பட்டிருக்கிறது.

மூன்றாவது விதத்தைத்தான் இல்லத்துக்குக் கொடுப்பவர்கள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும். நெடுநாள் அரைவயிற்றோடு இருந்த பிள்ளை, நோயில் கிடந்த பிள்ளை ஆகியோரின் உடம்பு தானாகவே டி-3 அளவைக் குறைத்துக்கொள்கிறது. வருமானம் சுருங்கிய குடும்பம் விளக்கை அணைத்துச் சிக்கனம் பார்ப்பதைப் போல. இதில் டி.எஸ்.எச். பெரும்பாலும் ஏறுவதில்லை. மறுபடியும் தோட்டத்து உதாரணத்துக்கே வருகிறேன். பால் மரங்கள் இலை உதிர்க்கும் காலத்தில் பால் குறையும். அப்போது மண்டோர் சத்தம் போடமாட்டார். மரமே ஓய்வில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் மரத்தைக் கூடுதலாக வெட்டினால் பட்டைதான் கெடும். அதுபோல, இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தைராய்டு மாத்திரை கொடுப்பது சரியான வைத்தியம் ஆகாது. நல்ல உணவு, நோய்க்கு மருந்து, மாறாத ஒரு கை ஆகியவைதாம் மருந்து. துளிர் வந்தால் பால் தானே வரும்.

ஆயாக் கொட்டகையிலிருந்து இல்லம் வரை

இல்லத்துப் பிள்ளைகள் என்று தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் தைராய்டு உண்டே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த நம் தலைமுறைக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டுவந்து கொட்டகையில் விட்டுச் செல்வாள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். வயதான இரண்டு ஆயாக்கள் முப்பது பிள்ளைகளைக்கூடப் பார்த்துக்கொண்டதுண்டு. வசதி என்று பெரிதாக எதுவும் இல்லை. அதைப் பொற்காலம் என்று எழுத எனக்கு விருப்பமும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக்கிழங்கையே தின்று உயிர் பிழைத்த பிள்ளைகள் அந்தக் கொட்டகைகளில் இருந்தார்கள். அயோடின் குறைவாக உள்ள உடம்பில் மரவள்ளி தைராய்டை மேலும் அழுத்தும் என்பது இப்போது மருத்துவர்கள் சொல்லும் செய்தி. ஆனாலும் ஒன்று மட்டும் அங்கே இருந்தது. மத்தியானம் அம்மா வருவாள். ஆயா மாறமாட்டாள். எந்தப் பிள்ளை எந்த லயத்தில், எந்த மாதத்தில், யார் கையில் பிறந்தது என்று ஆயாவுக்கும் மருத்துவச்சிக்கும் மனப்பாடம். தோட்ட டிரெசரின் ஏட்டிலும் அது எழுதப்பட்டிருக்கும்.

பிறகு செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது, தோட்டங்கள் கை மாறின. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் வட்டாரங்களிலிருந்து குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்தன. நிலைகுலைந்த சில குடும்பங்களின் பிள்ளைகள் இல்லங்களுக்கு வந்தார்கள். அப்படி வரும் பிள்ளையோடு பெரும்பாலும் ஒரு பை துணிதான் வருகிறது. எங்கே பிறந்தது? தொப்புள்கொடி இரத்தம் சோதிக்கப்பட்டதா? முடிவு என்ன? ஆறு மாதத்தில் எடை எவ்வளவு? சொல்ல ஆள் இல்லை. வீட்டில் பிறந்த பிள்ளை என்றால் அந்தச் சோதனையே நடந்திருக்காது. பிறப்புப் பத்திரமும் இல்லாவிட்டால், மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குரிய கட்டணம் கேட்கப்படும் நிலையும் உண்டு. இல்லத்தார் அதற்கு அஞ்சியே சோதனையைத் தள்ளிப் போடுகிறார்கள்.

ஆகவே, வீட்டுப் பிள்ளைக்கும் இல்லத்துப் பிள்ளைக்கும் சுரப்பியில் வேற்றுமை இல்லை. வீட்டுப் பிள்ளையின் கதையை நினைவில் வைத்திருக்க ஒரு தாய் இருக்கிறாள். இல்லத்துப் பிள்ளையின் கதையை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

இரண்டு பிள்ளைகள்

நான் செல்லும் இல்லத்தில் நடந்ததைப் பெயர் குறிப்பிடாமல் சொல்கிறேன்.

இரண்டரை வயது இருக்கும் என்று மதிக்கப்பட்ட ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தாள். பாயில் உட்கார வைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள். மற்றப் பிள்ளைகள் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கினாலும் பேசாமல் பார்ப்பாள். ஆயாக்களுக்கு அவள் மீது தனி அன்பு. இருபது பிள்ளைகளுக்கு நடுவே அழாத பிள்ளை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? தோல் வறண்டிருந்தது. மூன்று நாளைக்கு ஒரு முறைதான் மலம் கழிப்பாள். தொப்புள் துருத்திக்கொண்டிருந்தது. குரல் கரகரப்பு. உயரம் அளந்தால், ஒன்றேகால் வயதுப் பிள்ளையின் உயரம். இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லலாம். ஒரே தாளில் வரிசையாக எழுதியபோது, சுகாதாரக் கிளினிக்கிலிருந்து வந்த தாதி அதைப் படித்துவிட்டு அன்றே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னார். டி.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தது, டி-4 மிகக் குறைவு. மாத்திரை தொடங்கினார்கள்.

முதலில் தெரிந்த மாற்றம் என்ன தெரியுமா? அழுகை. மூன்றாவது வாரத்தில் பிஸ்கட்டைப் பிடுங்கியவனை அடித்தாள். ஆயா ஒருவர் என்னிடம், "சார், மருந்து கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த ஒரு வருடத்தில் அவள் வளர்ந்த உயரத்தைப் பதிவேட்டில் குறிக்கும்போது பென்சில் கோடு நிமிர்ந்து ஓடியது. ஆனால் பேச்சு பின்தங்கியே இருக்கிறது. இரண்டரை ஆண்டுகள் கிடைக்காமல் போனதை முழுவதும் திருப்பிக் கொடுக்க எந்த மாத்திரையாலும் ஆகவில்லை. இதை உள்ளபடி சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொருவன் மூன்று வயதுப் பையன். எலும்பும் தோலுமாக வந்தான். அவனும் அசையாமல் உட்கார்ந்திருப்பவனே. முதல் பிள்ளையைப் பார்த்த பழக்கத்தில் இவனுக்கும் அதே நோய்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு நல்ல உள்ளம் கொண்ட அன்பர் தம் வீட்டில் மீந்த மாத்திரையைக் கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார். நல்ல வேளையாக இல்லத் தலைவி அதை ஏற்கவில்லை. சோதனையில் டி-3 குறைவு, டி.எஸ்.எச். சாதாரணம். மருத்துவர் தைராய்டு மாத்திரை எதுவும் எழுதவில்லை. குடற்புழுவுக்கு மருந்து, சிறுகச் சிறுகப் பல வேளை உணவு, அதோடு, ஒரே ஆயா இவனுக்குச் சோறூட்ட வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. ஐந்து மாதம் கழித்து எடுத்த சோதனையில் அளவுகள் தாமாகவே சரியாகியிருந்தன. அதற்குள் அவன் ஓட ஆரம்பித்துவிட்டதால், இரத்தம் எடுக்க அவனைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

பார்வைக்கு இருவரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். சோதனை இல்லாமல் வேறுபடுத்திச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

வெளிநாடுகளில் கண்ட உண்மை

ஒரே ஆயா ஊட்டுவது எப்படி மருந்தாகும் என்று சந்தேகப்படுபவர்களுக்காக ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்கிறேன். எல்சி விட்டோசன் என்ற ஆங்கிலேய அம்மையார் உணவு விஞ்ஞானி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948இல், ஜெர்மனியில் இரண்டு அநாதை இல்லங்களில் ஏறக்குறைய ஐம்பது ஐம்பது பிள்ளைகளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிறுத்துப் பார்த்தார். ஆறு மாதம் இரண்டு இல்லத்துக்கும் ஒரே பங்கீட்டு உணவு. அடுத்த ஆறு மாதம் ஒரு இல்லத்துக்கு மட்டும் கூடுதல் ரொட்டி, பழப்பாகு, ஆரஞ்சுச் சாறு. கூடுதல் உணவு பெற்ற பிள்ளைகள்தாம் அதிகம் வளர வேண்டும் அல்லவா? நேர்மாறாக நடந்தது. கூடுதல் கிடைத்த இல்லத்துப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகவே எடை ஏறினார்கள்.

காரணம் தராசில் இல்லை. கூடுதல் உணவு தொடங்கிய அதே சமயத்தில் அந்த இல்லத்துக்கு ஒரு கடுமையான தலைவி மாற்றலாகி வந்திருந்தார். சாப்பாட்டு வேளையைப் பார்த்துத்தான் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தித் திட்டுவாராம். உணவு ஆறிப்போகும், ஒரு பிள்ளை அழ, மற்றதும் அழும். அவர் விட்டுவந்த இல்லத்திலோ, கூடுதல் உணவு எதுவும் இல்லாமலே பிள்ளைகள் எடை ஏறினார்கள். அந்தத் தலைவி தமக்குப் பிடித்த எட்டுப் பிள்ளைகளைக் கூடவே அழைத்து வந்திருந்தார். அந்த எட்டும் நன்றாகவே வளர்ந்தன. இந்த ஆய்வு 1951ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. அன்னதானம் செய்யும் நாம் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஆய்வு இது என்பேன்.

பின்னர், 1967இல், அமெரிக்க மருத்துவர்கள் இதன் உள்ளே இருந்த வழியில் ஒன்றைக் கண்டார்கள். அன்பற்ற வீடுகளில் வளர்ச்சி நின்றுபோன பதின்மூன்று பிள்ளைகளை அந்தச் சூழலிலிருந்து வெளியே கொண்டுவந்தபோது, எந்த ஊசியும் இல்லாமலே அவர்கள் வளரத் தொடங்கினார்கள். குறைந்திருந்த வளர்ச்சி இயக்குநீரும் தானாகத் திரும்பியது. மனத்தின் வாட்டம் மூளை வழியாகச் சுரப்பிகளுக்கே இறங்குகிறது என்பதற்கு அது சான்றானது. ருமேனியாவின் தலைநகர் புக்காரெஸ்டில், இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். குடும்பம் கிடைத்த பிள்ளைகள் உயரத்திலும் அறிவிலும் முந்தினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் சேர்ந்தவர்கள் மேலும் முந்தினார்கள். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலோ பிள்ளைகளை வெளியே அனுப்பவில்லை. இல்லத்துக்குள்ளேயே குழுவைச் சிறிதாக்கி, ஆயாக்களுக்குப் பயிற்சி தந்து, அவர்களை மாற்றாமல் வைத்தார்கள். அதற்கு முன்பு ஒரு குழந்தை ஒன்றரை வயதைத் தாண்டுவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட ஆயாக்களின் கைகளுக்கு மாறியிருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். மாற்றத்துக்குப் பின் பிள்ளைகளின் உயரமும் எடையும் கூடின; உணவுப் பட்டியலை அதற்காக மாற்றவில்லை.

நம் முருகப் பெருமானையும் பெற்றவள் முதலில் வளர்க்கவில்லை. சரவணப் பொய்கையில் கார்த்திகைப் பெண்கள் அறுவர் வளர்த்தார்கள். ஆறு பேர், ஆனால் அதே ஆறு பேர். ஆறு குழந்தைக்கு ஆறு தாய் என்ற கணக்கையும் கவனியுங்கள். எந்த இல்லத்திலும் அத்தனை ஆயாக்கள் கிடைப்பது கடினம்தான்.

உப்பும் மாத்திரையும்

இனி, கொடுக்கும் பொருள்களுக்கு வருகிறேன். சின்ன விஷயங்கள்; ஆனால் தவறுவது இங்கேதான்.

உப்பு வாங்கிக் கொடுப்பவர்கள் பொட்டலத்தில் அயோடின் கலந்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூட்டையில் வரும் கல் உப்புதான் சாம்பாருக்கு ருசி என்ற எண்ணம் நம்மவர்களுக்கு உண்டு. அதில் அயோடின் சேர்க்கப்படாததும் உண்டு. கடல் உப்புத்தானே, அயோடின் இல்லாமலா இருக்கும் என்பார்கள். உப்பளத்தில் காயும்போது தேவையான அளவு அதில் தங்குவதில்லை. விலை உயர்ந்த இளஞ்சிவப்பு மலை உப்பும் அப்படித்தான். காசு கொடுத்து அயோடினை இழப்பது. நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து வைத்த உப்பிலிருந்து அயோடின் போய்விடும். மூடியுள்ள டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைக்க வேண்டும். குழம்பு இறக்கும் நேரத்தில் போடுவது நல்லது. அதற்காக உப்பை அள்ளிப் போடச் சொல்லவில்லை. குறைவாகப் போடும் உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும். கடல் மீன், முட்டை, பால் ஆகியவற்றிலும் அயோடின் உண்டு. சைவ உணவு மட்டுமே சமைக்கும் இல்லங்கள் உப்பில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

மாத்திரை எடுக்கும் பிள்ளை ஒன்று இல்லத்தில் இருந்தால், ஆயாக்கள் எல்லாருக்கும் ஒரு பாடம் வேண்டும். தைராக்சின் மாத்திரையைப் பொடித்து ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து ஊட்ட வேண்டும். பால் புட்டியில் போட்டால், பிள்ளை பாதி குடித்துத் தூங்கிவிட்டால் மருந்தும் பாதிதான். சோயாப் பால், இரும்புச் சத்து மருந்து, சுண்ணாம்புச் சத்து மருந்து ஆகியவை மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நம் அன்பர்கள் பெட்டி பெட்டியாகச் சோயாப் பால் கொண்டுவருவதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். கொண்டுவருவது தவறில்லை, இல்லத்தாரைக் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். பிள்ளை வளர வளர மாத்திரையின் அளவும் மாறும். அதனால் குறித்த நாளில் மறு சோதனைக்குப் போயாக வேண்டும். ஆயா விடுப்பில் போனால் மாத்திரையும் விடுப்பில் போகக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை தைராய்டு பார்க்க வேண்டும். இவர்களில் பலர் இல்லங்களில் இருக்கிறார்கள்.

பதிவேட்டு உபயம்

சென்ற ஆண்டு நிர்வாகக் குழுவில் நான் ஒரு யோசனை வைத்தேன். அன்னதான உபயம் போல் பதிவேட்டு உபயம் என்று ஒன்று. இல்லத்துக்குப் புதிதாக வரும் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடித்த அட்டைப் புத்தகம். அதில் எங்கே பிறந்தது, தொப்புள்கொடிச் சோதனையின் முடிவு, மாதாந்தர உயரம், எடை, தலைச்சுற்றளவு, போட்ட ஊசிகள். முடிவு கிடைக்காவிட்டால் மருத்துவரைக் கேட்டு ஒரு தைராய்டுச் சோதனை. உபயதாரர் செலுத்துவது அந்தச் சோதனைக் கட்டணத்தையும் கிளினிக்குக்குப் போய்வரும் வாடகைக் கார்ச் செலவையும். மீதமுள்ள தொகை ஓர் ஆயாவின் சம்பளத்தில் சேரும். ஆயாக்கள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டால், பக்கத்துத் தொழிற்சாலையில் கூடுதலாகக் கிடைக்கிறது என்பார்கள். அந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிட்டால் நிற்பார்கள். இதில் இரகசியம் ஒன்றும் இல்லை.

குழுவில் ஒரு பெரியவர், "புகைப்படம் எடுக்க இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சோறு பரிமாறும் படம் மலரில் அழகாக வரும். இரத்தச் சோதனைத் தாளைப் படம் எடுத்துப் போட முடியாது, போடவும் கூடாது. பிள்ளையின் நோய் பிள்ளைக்கும் மருத்துவருக்கும் இல்லத்தாருக்கும் மட்டுமே உரியது. ஆகவே இந்த உபயத்துக்குப் படம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, ரசீது மட்டும் உண்டு என்று எழுதி ஒட்டினோம். ஆறு குடும்பங்கள் முன்வந்தன. அவர்களில் ஒருவர் அந்தக் காலத்தில் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்.

இதை எழுதும்போது அந்த இல்லத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பதினொரு பேர். எட்டுப் பேருக்குப் புத்தகம் போட்டாயிற்று. மூவரில் இருவருடைய பிறப்புப் பத்திரம் சமூகநல இலாகா வழியாக வந்துகொண்டிருக்கிறது. மற்றொன்று, சென்ற மாதம் வந்த ஒரு வயதுக் குழந்தை. அதற்கு இன்னும் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. சோதனைக்கு வரும் செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம்.

பதிவேட்டு உபயத்தில் சேர விரும்பும் அன்பர்கள் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் ஆலய அலுவலகத்தில் என்னைப் பார்க்கலாம்.